49 நாளில் தடுமாறாத டைமர் லைப்ரரி எழுதுவது எப்படி?

32 பிட் கவுண்டர் ஒன்று மில்லி செகண்டை எண்ணிக்கொண்டே போனால் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295 வரை போகும். அடுத்த மில்லி செகண்டில் பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும். நாள் கணக்கில் சொன்னால் 49 நாள், 17 மணி, 2 நிமிடம், 47 விநாடி. டைமரோடு புழங்குகிற எல்லாருக்கும் இந்தக் கணக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். அதே கவுண்டரைக் குறியுள்ள எண்ணாக, அதாவது பிளஸ், மைனஸ் இரண்டும் ஏற்கும் எண்ணாக, வைத்தால் பாதி, அதாவது 24 நாள், 20 மணி, 31 நிமிடம். மைக்ரோ செகண்டை எண்ணினால் வெறும் 71 நிமிடம், 35 விநாடி.

கவுண்டர் சுற்றி வருவதில் ஒரு தப்பும் இல்லை. அதைச் செய்தவர்கள் சுற்றும் என்று தெரிந்தேதான் செய்தார்கள். சிக்கல் முழுக்க, அந்த எண்ணை வாங்கி நாம் போடுகிற கணக்கில்தான் இருக்கிறது. அந்தக் கணக்கை எப்படிப் போட வேண்டும், பல மேடைகளில், அதாவது பிளாட்ஃபார்ம்களில், ஓடும் ஒரே லைப்ரரியில் அது எங்கெங்கே பிசகும், பிசகை வயலுக்குப் போவதற்கு முன்பே மேசையில் வைத்து எப்படிப் பிடிப்பது என்பதை இங்கே எழுதுகிறேன்.

நான் பாளையங்கோட்டையில் பம்ப்செட் மோட்டாருக்கான ஆட்டோ ஸ்டார்ட்டர் கார்டு செய்கிறேன். தோட்டத்தில் இருக்கும் பெட்டிக்குள் ஆர்டுயினோ ஊனோ அல்லது ஈஎஸ்பி32 என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை. குளத்து மடைப் பக்கம் நீர்மட்டம் பார்க்க வைத்த பெட்டியில் ராஸ்பெர்ரி பை என்ற கையளவு கம்ப்யூட்டர். கடையில் பதிவுகளைப் பார்ப்பது விண்டோஸ் கம்ப்யூட்டரில். நாலு இடத்திலும் ஒரே டைமர் லைப்ரரிதான் ஓடுகிறது. அதனால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு.

எங்கள் பக்கத்தில் இந்தப் பிழை வெளியே தெரியாமல் கிடப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. விவசாயக் கரண்ட் வரும், போகும். கரண்ட் போனால் கார்டு அணைந்துவிடும். திரும்ப வரும்போது கவுண்டர் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். 49 நாள் தொடர்ந்து உயிரோடு இருக்கும் வாய்ப்பே அந்தக் கார்டுக்குக் கிடைப்பதில்லை. கோடில் (புரோகிராமில்) பிழை இருந்தாலும் ஆண்டுக்கணக்கில் யார் கண்ணிலும் படாது. என்றைக்கு ஒருவர் "கரண்ட் போனால் எனக்கு மெசேஜ் வர வேண்டும்" என்று கேட்டு, கார்டுக்குள் ஒரு சின்ன பேட்டரியை வைத்தோமோ, அன்றிலிருந்து அது நிற்காமல் எண்ண ஆரம்பிக்கிறது.

களக்காட்டில் ஏத்தன் வாழை போட்டிருக்கும் ஓர் அண்ணாச்சியின் தோட்டத்தில் இதுதான் நடந்தது. கார்டு வேறொருவர் செய்தது. "தம்பி, ஸ்டார்ட்டர் டக்கு டக்குன்னு விழுந்து விழுந்து எந்திக்கு. மோட்டார் காயிலே போயிரும் போலுக்கு" என்று போன் பண்ணினார். "அண்ணாச்சி, முதல்ல மெயினை ஆஃப் பண்ணிருங்க. கார்டுல லைட்டு எரியுதான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்றேன். மெயினை அணைத்த பிறகும் லைட் எரிந்துகொண்டிருந்தது, பேட்டரி இருக்கிறதல்லவா. நாங்குநேரி வழியாகப் போய்ச் சேர்ந்தபோது, மெயினைப் போட்டால் மோட்டார் ஒழுங்காக ஓடுகிறது. மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்சான காண்டாக்டர் ஒருமுறை இழுத்தது, அப்படியே நின்றது. ஒரு குறையும் இல்லை.

அந்தக் கார்டின் கோடைக் கேட்டு வாங்கிப் பார்த்ததில் விஷயம் ஒரே வரியில் இருந்தது. மோட்டார் போடும்போது "நிறுத்தும் நேரம் = இப்போது + 2 மணி நேரம்" என்று எழுதி வைத்துக்கொள்கிறது. பிறகு ஒவ்வொரு சுற்றிலும் "இப்போது > நிறுத்தும் நேரம்" என்றால் மோட்டாரை நிறுத்துகிறது. படித்தால் சரியாகத்தான் தோன்றும். ஆனால் கவுண்டர் சுற்றுவதற்கு முந்தைய 2 மணி நேரத்தில் மோட்டாரைப் போட்டால், கூட்டல் 32 பிட்டுக்குள் அடங்காமல் சுற்றி, நிறுத்தும் நேரம் ஒரு சின்ன எண்ணாகிவிடும். இப்போதைய நேரமோ 429 கோடியை ஒட்டி இருக்கிறது. பெரியதா என்று கேட்டால் ஆமாம் என்கிறது. போட்ட அடுத்த கணமே மோட்டார் நிற்கிறது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, கரண்டும் இருக்கிறது, ஆட்டோ மறுபடியும் போடுகிறது. மறுபடியும் நிற்கிறது. அந்த 2 மணி நேரம் தாண்டிக் கவுண்டர் சுற்றிவிட்டால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும். அடுத்த 49 நாளுக்கு நிம்மதி. மெக்கானிக் வந்து பார்க்கும்போது நன்றாக ஓடும் கோளாறுகளில் ஒரு பங்கு இப்படிப்பட்டதுதான்.

சரி, எப்படி எழுத வேண்டும்? நிறுத்தும் நேரத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். தொடங்கிய நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். "இப்போது − தொடக்கம் >= இடைவெளி" என்று கேளுங்கள். மூன்றும் குறியில்லாத 32 பிட் எண்ணாக இருந்தால், இடையில் கவுண்டர் சுற்றியிருந்தாலும் கழித்தல் சரியான விடையையே தரும்.

ஏன் என்று புரிய, நம் அறுபது வருடப் பெயர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் துந்துபி வருடம் பிறந்தவர். அது 56ஆவது. விசுவாவசுவில் அவருக்கு என்ன வயது? விசுவாவசு 39ஆவது. 39-இல் 56 போனால் கழித்தல் 17. அறுபதைக் கூட்டினால் 43. துந்துபி 1982, விசுவாவசு 2025, வயது 43தான். இடையில் அட்சய முடிந்து பிரபவ வந்ததைப் பற்றிக் கவலையே படவில்லை. ஆனால் "விசுவாவசு பெரியதா, துந்துபி பெரியதா" என்று வரிசை எண்ணை நேராக ஒப்பிட்டால் தப்பான பதில்தான் வரும். கம்ப்யூட்டரில் 60-க்குப் பதில் 2-இன் 32ஆம் அடுக்கு. குறியில்லாத எண்ணில் கழிக்கும்போது அதைக் கூட்டும் வேலையை வன்பொருளே செய்துவிடுகிறது. வரம்பும் அப்படித்தான்: அறுபது தாண்டியவரின் வயதை வருடப் பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. 49 நாளுக்கு மேற்பட்ட இடைவெளியை 32 பிட் மில்லி செகண்டால் அளக்க முடியாது.

எதிர்காலத்தில் ஒரு கெடு நேரத்தை வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், வரிசையில் பல டைமர் நிற்கும்போது அப்படித் தேவைப்படும், அங்கேயும் கழியுங்கள்: "இப்போது − கெடு" என்று குறியில்லாமல் கழித்து, விடையைக் குறியுள்ள எண்ணாக மாற்றி, அது பூஜ்ஜியமோ அதற்கு மேலோ என்று பாருங்கள். லினக்ஸ் கெர்னலில் ஜிஃபீஸ் என்ற டைமர் கவுண்டரின் கணக்குக்கு இருக்கும் டைம் ஆஃப்டர் மேக்ரோ செய்வது இதையே. ஜாவாவின் நானோடைம் பற்றிய ஆவணமும் இரண்டு நேரங்களை நேராக ஒப்பிடாமல் கழித்துப் பூஜ்ஜியத்தோடு ஒப்பிடச் சொல்கிறது. இதில் வரம்பு பாதியாகிவிடும்: கெடு 24 நாள், 20 மணிக்குள் இருக்க வேண்டும்.

சியில் எழுதுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. குறியில்லாத எண் சுற்றுவது மொழியின் விதிப்படி வரையறுக்கப்பட்டது. குறியுள்ள எண் வரம்பு மீறுவதற்கு வரையறையே கிடையாது. "இது நடக்கவே நடக்காது" என்று எடுத்துக்கொண்டு நீங்கள் எழுதிய சோதனையையே கம்பைலர் தூக்கி எறியலாம். அதனால் கழித்தலைக் குறியில்லாமல் செய்து, மாற்றத்தைக் கடைசியில் வையுங்கள். வரிசை மாறக் கூடாது.

இவ்வளவும் பல பேருக்குத் தெரியும். ஒரே கோடைப் பல மேடைகளில் ஓடவிடும்போதுதான் உண்மையான வம்பு வருகிறது. கழித்தல் உத்தி வேலை செய்ய ஒரே ஒரு நிபந்தனை: கழித்தல் நடக்கும் டைப்பின் அகலமும் கவுண்டரின் அகலமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இதைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். இடத்தை மிச்சப்படுத்த நேரத்தை 16 பிட்டில் வைத்திருக்கிறீர்கள். தொடக்கம் 65530, இப்போது கவுண்டர் சுற்றி 5. உண்மையில் கடந்தது 11. ஊனோவில் இன்ட் என்ற முழு எண் டைப்பே 16 பிட். கழித்தால் 11 வரும், எல்லாம் நன்றாக ஓடும். அதே கோடை அப்படியே ஈஎஸ்பி32-இல் ஏற்றுங்கள். அங்கே இன்ட் 32 பிட். சி மொழி, சின்ன டைப்புகளைக் கணக்குப் போடும் முன்பு இன்ட்டாக உயர்த்திவிடும். 5-இல் 65530 போனால் கழித்தல் 65525. அது 10-ஐ விடப் பெரியதா? இல்லை. 10 மில்லி செகண்டில் அடிக்க வேண்டிய டைமர் அந்தத் தடவை அடிப்பதில்லை. ஓர் எழுத்துகூட மாற்றவில்லை, ஒரு எச்சரிக்கையும் வரவில்லை, சில்லு மட்டும்தான் மாறியது. தீர்வு சிறியது: கழித்த விடையை மறுபடியும் 16 பிட் குறியில்லாத டைப்புக்கு வெளிப்படையாக மாற்றிவிட்டு, அப்புறம் ஒப்பிடுங்கள். எந்த அகலமானாலும் இந்த மாற்றத்தை எழுதும் பழக்கத்தை வைத்துக்கொண்டால் தொல்லை இல்லை.

எதிர்த் திசையிலும் இதே கதை உண்டு. ஆர்டுயினோ எடுத்துக்காட்டுகளில் எல்லாம் நேரத்தை அன்சைன்ட் லாங்கில், அதாவது குறியில்லாத நீண்ட முழு எண்ணில், வைப்பார்கள். அங்கே அது 32 பிட், சரி. 64 பிட் லினக்ஸில் அதே அன்சைன்ட் லாங் 64 பிட். 64 பிட் விண்டோஸில் மறுபடியும் 32. ராஸ்பெர்ரி பையில் 32 பிட் சிஸ்டம் போட்டிருந்தால் 32, 64 பிட் போட்டிருந்தால் 64. கவுண்டர் 32 பிட்டாகவும் வேரியபிள் 64 பிட்டாகவும் இருக்கும் இடத்தில், தொடக்கம் 4294967000, இப்போது 100 என்றால் கிடைக்க வேண்டியது 396. கிடைப்பது 20 இலக்க எண். எல்லா டைமரும் ஒரே நொடியில் அடித்துவிடும். லாங் என்ற சொல்லை டைமர் கோடிலிருந்து முழுக்க எடுத்துவிடுங்கள். அகலத்தைப் பெயரிலேயே சொல்லும் டைப்புகளை மட்டும் வையுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துப் போவேன் என்றால், இதை எடுத்துப் போங்கள்.

அடுத்தது, கழிப்பதற்கு முன்னால் வகுப்பது. மைக்ரோ செகண்ட் கவுண்டரை 1000-ஆல் வகுத்தால் மில்லி செகண்ட் கிடைக்கும் என்று எழுதுவார்கள். கிடைக்கும், ஆனால் அந்த மில்லி செகண்ட் 4294967-இலேயே சுற்றிவிடும். அது 2-இன் அடுக்கு இல்லை. தொடக்கம் 4294960, இப்போது 3 என்றால் கடந்தது ஏறக்குறைய 10 மில்லி செகண்ட்; 32 பிட் கழித்தல் சொல்வது 429 கோடிக்கு மேல். 71 நிமிடத்துக்கு ஒருமுறை இது நடக்கும். முதலில் மைக்ரோ செகண்டிலேயே கழித்து, கடந்த நேரம் கிடைத்த பிறகு வகுங்கள்.

பெருக்கல் இதைவிட மோசம். 64 பிட் ஆயிற்றே, பல நூறு ஆண்டு வரும் என்று நம்பி இருக்கும்போது கால் மணி நேரத்தில் காலை வாரும். விண்டோஸில் நுண்ணிய நேரம் எடுக்க க்வெரி பெர்ஃபார்மன்ஸ் கவுண்டர் இருக்கிறது. அது விநாடிக்கு எத்தனை தட்டு தட்டும் என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறலாம். இன்றைய விண்டோஸ் இயந்திரங்களில் பெரும்பாலும் ஒரு கோடி. அதை நானோ செகண்டாக்க, கவுண்டரை 100 கோடியால் பெருக்கி அலைவெண்ணால் வகுக்கிறார்கள். குறியுள்ள 64 பிட்டில் 100 கோடியால் பெருக்க இடம் இருப்பது 922 கோடி தட்டுகள் வரைதான். விநாடிக்கு ஒரு கோடி என்றால் 922 விநாடி, அதாவது கவுண்டர் தொடங்கிய 15 நிமிடம், 22 விநாடியில் பெருக்கல் வழிந்துவிடும். வழிந்ததை அப்புறம் வகுப்பதால் கழித்தல் உத்தியும் காப்பாற்றாது.

செய்ய வேண்டியது இது. கவுண்டரை அலைவெண்ணால் வகுத்து ஈவையும் மீதியையும் தனித்தனியாக எடுங்கள். ஈவு முழு விநாடிகள். அதை 100 கோடியால் பெருக்குங்கள். மீதியை 100 கோடியால் பெருக்கி, அலைவெண்ணால் வகுங்கள். இரண்டையும் கூட்டுங்கள். மீதி எப்போதும் ஒரு கோடிக்குக் குறைவு என்பதால் பெருக்கல் தாராளமாக அடங்கும். இதை ஒரே ஃபங்ஷனில் எழுதி வைத்து எல்லா மேடைக்கும் அதையே கூப்பிடுங்கள். மேக்கில் இன்டெல் சில்லு இருந்தவரை கவுண்டரின் ஒரு தட்டு ஒரு நானோ செகண்ட். மாற்றமே தேவைப்படாததால் அதை எழுதாமலே விட்டவர்கள் உண்டு. ஆப்பிளின் சொந்தச் சில்லில் ஒரு தட்டு 125-ஐ 3-ஆல் வகுத்தது, கிட்டத்தட்ட 41.67 நானோ செகண்ட். விகிதத்தை சிஸ்டத்திடம் கேட்டு வாங்காத கோடு அங்கே நாற்பது மடங்கு பிசகும்.

வழிதலுக்குப் பயந்து ஃப்ளோட்டுக்கு, அதாவது தசம எண் டைப்புக்கு, போகிறவர்களுக்கும் ஒரு சொல். 32 பிட் ஃப்ளோட்டில் முழு எண்கள் தவறாமல் அடங்குவது 1 கோடியே 67 லட்சத்து 77 ஆயிரத்து 216 வரை. மில்லி செகண்டில் அது 4 மணி, 39 நிமிடம். அதற்கப்புறம் கவுண்டர் ஒன்று கூடினாலும் ஃப்ளோட் நகராமல் இருக்கலாம். 1991 பிப்ரவரி 25-இல் சவூதியின் தஹ்ரானில் பேட்ரியட் ஏவுகணை அமைப்பு வந்த ஏவுகணையைத் தவறவிட்டதற்கும் இந்த ரகக் காரணம்தான்: பத்தில் ஒரு விநாடியை 24 பிட்டில் முழுசாக எழுத முடியாது, 100 மணி நேரம் ஓடியதில் பிசகு 0.34 விநாடியாகச் சேர்ந்துவிட்டது. 28 படைவீரர்கள் இறந்தார்கள். நேரத்தை முழு எண்ணில் வையுங்கள்.

இனி லைப்ரரியின் கட்டமைப்பு. நேரம் உள்ளே வருவதற்கு ஒரே ஒரு வாசல் இருக்கட்டும். அந்த வாசல் 64 பிட் எண் ஒன்றைத் தரட்டும். மேடைக்கு மேடை வித்தியாசம் எல்லாம் வாசலுக்குப் பின்னால் முடிந்துவிட வேண்டும். லைப்ரரியின் மற்ற பகுதியில் எங்கும் சிஸ்டத்தின் நேரத்தை நேராகக் கேட்கக் கூடாது.

வாசலுக்குப் பின்னால் விண்டோஸ் என்றால் கெட் டிக் கவுண்ட் 64. விஸ்டா காலத்திலிருந்தே இருக்கிறது, அதனால் பழைய 32 பிட் அழைப்பை இன்னும் வைத்திருக்கக் காரணமே இல்லை. அது 10 முதல் 16 மில்லி செகண்ட் படியில்தான் நகரும், மோட்டாருக்குப் போதும். அதைவிட நுண்மை வேண்டும் என்றால் மேலே சொன்ன பெர்ஃபார்மன்ஸ் கவுண்டர். லினக்ஸில் மோனோடானிக், அதாவது பின்னோக்கிப் போகாத, கடிகாரம். அது விநாடியையும் நானோ செகண்டையும் தனித்தனியாகத் தரும். விநாடியை 1000-ஆல் பெருக்குவதற்கு முன்பு 64 பிட்டுக்கு மாற்றிவிடுங்கள். 32 பிட் சிஸ்டத்தில் மாற்றாமல் பெருக்கிவிட்டு விடையை 64 பிட் வேரியபிளில் போட்டால் 24 நாள், 20 மணியில் வழிந்துவிடும். பெட்டி பெரியதாக இருந்து என்ன, உள்ளே வரும்போதே நறுங்கிப்போய் வந்தால்?

இயந்திரம் தூங்கும் நேரத்தை லினக்ஸின் மோனோடானிக் எண்ணாது. அதுவும் சேர வேண்டும் என்றால் பூட்டைம் கடிகாரத்தைக் கேளுங்கள்.

சுவர்க் கடிகார நேரத்தை, அதாவது தேதியோடு வரும் நேரத்தை, இடைவெளி அளக்கப் பயன்படுத்தவே கூடாது. ராஸ்பெர்ரி பை 4 வரை அந்தப் பலகைகளில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. குளத்துக் கரையில் சிக்னல் வரும்வரை அது ஏதோ ஒரு பழைய தேதியில் இருக்கும். சிக்னல் கிடைத்ததும் தேதி ஒரே தாவாகத் தாவும். பத்து நிமிடம் காத்திருக்க வேண்டிய டைமர் அந்தத் தாவலில் அடித்துவிடும். தேதி நேரத்துக்கு அதற்கே உரிய வழிதலும் வரப்போகிறது: 32 பிட் குறியுள்ள விநாடிக் கணக்கு, நம் நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8 மணி, 44 நிமிடம், 7 விநாடியோடு முடிகிறது. வாழைத் தோட்டத்தில் இன்றைக்கு மாட்டும் பெட்டி அன்றைக்கும் சுவரில் இருக்கலாம்.

ஆர்டுயினோ வகைகளில் 64 பிட் கடிகாரத்தை நாமே கட்ட வேண்டும். சுற்று எண்ணிக்கை ஒன்றை வைத்து, புது எண் பழையதை விடச் சின்னதானால் ஒன்றைக் கூட்டு என்பார்கள். எனக்குப் பிடித்தது வேறு வழி: கடைசியாகப் பார்த்த 32 பிட் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு முறையும் 32 பிட்டில் "இப்போது − கடைசி" எடுத்து, 64 பிட் மொத்தத்தில் கூட்டி, கடைசியைப் புதுப்பியுங்கள். ஒப்பீடே இல்லை. இரண்டு நிபந்தனை. ஒன்று, ஒரு சுற்றுக்குள் ஒருமுறையாவது இது ஓட வேண்டும். மைக்ரோ செகண்ட் என்றால் 71 நிமிடத்துக்குள். யாரும் நேரம் கேட்காமல் இருக்கும் நிலை வந்தாலும் ஓட, மெயின் லூப்பிலேயே ஒரு அழைப்பைப் போட்டுவிடுங்கள். இரண்டு, 8 பிட் சில்லு 64 பிட் எண்ணை ஒரே மூச்சில் படிக்காது. பாதி படிக்கையில் இன்டரப்ட், அதாவது ஓடும் வேலையை இடைமறிக்கும் அழைப்பு, வந்து மதிப்பை மாற்றிவிட்டால், பழைய பாதியும் புதுப் பாதியும் ஒட்டிய எண் கையில் கிடைக்கும். படிக்கும் அந்தக் கணம் இன்டரப்டை நிறுத்தி, படித்ததும் பழைய நிலைக்குத் திருப்பிவிடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு இயக்கிவிடக் கூடாது. கூப்பிட்டவர் ஏற்கெனவே நிறுத்தி வைத்திருக்கலாம். ஈஎஸ்பி32-இல் இந்தப் பாடு இல்லை. அதன் டைமர் 64 பிட்டில் மைக்ரோ செகண்டைத் தயாராகத் தருகிறது.

"எப்போதைக்கும் காத்திரு" என்பதை உயர்ந்தபட்ச எண்ணாக வைப்பது இன்னொரு கண்ணி. உயர்ந்தபட்சத்தோடு இப்போதைய நேரத்தைக் கூட்டினால் வழிந்து, கெடு ஏற்கெனவே தாண்டியதாகிவிடும். என்றென்றும் காத்திருக்க வேண்டியது ஒரு கணம்கூடக் காத்திருக்காது. முடிவில்லாததற்குத் தனிக் குறி வையுங்கள், அதைக் கூட்டலுக்கே அனுப்பாதீர்கள். மற்ற கூட்டல்களில், வழியும் என்றால் உயர்ந்தபட்சத்திலேயே நிறுத்துங்கள். சிஸ்டத்திடம் காத்திருக்கச் சொல்லும்போதும் கவனம் வேண்டும்: யூனிக்ஸ் வகைகளில் போல் என்ற அழைப்பு, மில்லி செகண்டைக் குறியுள்ள இன்ட்டில் வாங்குகிறது, 24 நாள், 20 மணிதான் உச்சம். ஜாவாஸ்கிரிப்டின் செட் டைம்அவுட்டுக்கும் அதே உச்சம். அதைத் தாண்டிக் கொடுத்தால் பிழை சொல்லாது, உடனே அடித்துவிடும். நீண்ட காத்திருப்பை ஒரு நாள், ஒரு நாளாகத் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டின் முடிவிலும் மீதியைக் கணக்குப் பாருங்கள்.

இவ்வளவு எதற்கு, மாதம் ஒருமுறை ஆஃப் பண்ணிப் போட்டால் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது. 2004 செப்டம்பர் 14-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் வான்வழிக் கட்டுப்பாட்டு மையத்தில், விமானிகளோடு பேசும் அமைப்பு திடீரென்று நின்றுபோனது. உள்ளே இருந்தது 32 பிட் மில்லி செகண்ட் கணக்கு. 30 நாளுக்கு ஒருமுறை மறுதொடக்கம் செய்ய வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். அந்தத் தடவை அது விட்டுப்போனது. மாற்று அமைப்பும் கைகொடுக்கவில்லை. 2015-இல் போயிங் 787 விமானங்களின் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுப் பெட்டிகள், 248 நாள் தொடர்ந்து மின்சாரத்தில் இருந்தால் நான்கும் ஒருசேர அணைந்துபோகலாம் என்று அமெரிக்க விமானத்துறை உத்தரவு போட்டது. விநாடிக்கு 100 தட்டு, குறியுள்ள 32 பிட் என்று வைத்துக் கணக்குப் போட்டால் வருவதும் அதே 248 நாள்தான். விண்டோஸ் 95-உம் 98-உம் 49.7 நாளில் உறைந்துபோகும் என்பது 1999-இல்தான் வெளியே வந்தது. அத்தனை கவனமான இடங்களிலேயே மறுதொடக்கம் விட்டுப்போகிறது என்றால், பிசான நடவு நேரத்தில் ஒரு விவசாயி கார்டைக் கழற்றி மாட்டுவதை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று கேட்பது நியாயமே இல்லை.

இப்போது சோதனை. 49 நாள் காத்திருக்க வேண்டியதில்லை. கவுண்டரை, சுற்றுவதற்கு ஐந்து நிமிடம் முந்தைய எண்ணிலிருந்து தொடங்க வையுங்கள். லினக்ஸ் கெர்னல் இதைச் சோதனைக்கு மட்டும் செய்யவில்லை, நிரந்தரமாகவே வைத்திருக்கிறது: ஜிஃபீஸ் கவுண்டர் பூஜ்ஜியத்தில் தொடங்குவதில்லை, பூட் ஆன ஐந்து நிமிடத்தில் 32 பிட் சுற்றிவிடும்படி தொடங்குகிறது. சுற்றுவதைத் தாங்காத டிரைவர் எழுதியவர் முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துகொள்வார். இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. நம் வாசலில் ஒரு தொடக்க எண்ணைக் கூட்டிவிட்டால் போதும், இதே ஏற்பாடு நமக்கும் வந்துவிடும். என் மேசையில் இருக்கும் எல்லாக் கார்டும் அப்படித்தான் எழுந்திருக்கும். வயலுக்குப் போகும் கார்டிலும் அதை எடுப்பதில்லை.

கம்ப்யூட்டரில் ஓட்டும் சோதனைகளுக்கு, வாசலுக்குப் பின்னால் போலிக் கடிகாரம் ஒன்றை மாட்டுங்கள். சோதனை சொன்னால் மட்டும் அது நகரட்டும். தொடக்கத்தைப் பூஜ்ஜியம், உச்சத்துக்கு ஒன்று குறைவு, உச்சம், பாதி, பாதிக்கு ஒன்று குறைவு என்று மாற்றி மாற்றி வைத்து, டைமர் அடிக்க வேண்டிய தட்டுக்கு முந்தைய தட்டில் அடிக்கவில்லை, அந்தத் தட்டில் அடிக்கிறது என்று இரண்டையும் பாருங்கள். தாமதமாக வந்து பார்க்கும் நிலையையும் சோதியுங்கள்: மோடம் மெசேஜ் அனுப்ப ஐந்தாறு விநாடி எடுத்துக்கொண்டு, அந்த நேரத்துக்குள் கவுண்டர் சுற்றிவிட்டால் என்ன ஆகும்? கெடுவை நேராக ஒப்பிடும் கோடு இங்கே இன்னும் மோசமாகச் சிக்கும். மோட்டார் நிற்கவே நிற்காது. வறண்ட கிணற்றில் அது ஓடினால் சீல் எரிந்து, காயில் கருகி, அந்தப் போக நீர் முழுக்க நின்றுபோகும்.

கம்பைலரையும் வேலை வாங்குங்கள். கிளாங், ஜிசிசி இரண்டிலும் வரையறையற்ற நடத்தையைப் பிடிக்கும் சானிடைசர் இருக்கிறது. குறியுள்ள எண் வழிந்தால் அந்த வரியைக் காட்டிவிடும். டைப் சுருங்குவதைச் சொல்லும் எச்சரிக்கையை இயக்கி, டைமர் கோப்புகளில் மட்டுமாவது அதைப் பிழையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். 32 பிட், 64 பிட் இரண்டிலும் கட்டுங்கள். விண்டோஸில் கட்டாமல் விட்டால் லாங் பற்றிய பிசகுகளில் சில தெரியாமலே போகலாம்.

லைப்ரரி ஏற்கெனவே பலர் கையில் இருந்து, நேரத்தை 32 பிட்டில் தந்துகொண்டிருந்தால், அந்த ஃபங்ஷனின் டைப்பைச் சத்தமில்லாமல் மாற்றிவிடாதீர்கள். 32 பிட் என்று நம்பிக் கழித்துக்கொண்டிருக்கும் அவர்கள் கோடு அங்கங்கே உடையும். விளையாட்டுகள் எழுதப் பயன்படும் எஸ்டிஎல் லைப்ரரி செய்தது நல்ல முன்மாதிரி: 2.0.18 பதிப்பில் 64 பிட் நேரத்தை வேறு பெயரில் புதிதாகச் சேர்த்தார்கள், பழையதும் கூடவே இருந்தது; பெரும் பதிப்பு 3 வந்தபோதுதான் பழைய பெயரையே 64 பிட்டுக்கு மாற்றினார்கள். நீங்களும் புதுப் பெயரில் சேர்த்து, பழையதன் விளக்கத்தில் அதன் அகலம், அலகு, அதிகபட்சம் எவ்வளவு இடைவெளியை அளக்கலாம், தூக்கத்தில் எண்ணுமா எண்ணாதா என்ற நாலையும் எழுதிவிடுங்கள்.